மாறாத விலாசம்

பல் டாக்டர் யாரிடம் பேசினாலும் கண்ணைப் பார்க்கமாட்டார், வாயைத்தான் பார்ப்பார். தானம் கொடுத்த மாட்டைக்கூடப் பல்லைப் பிடித்துப் பார்க்கிற ரகம். மூக்கர் நாற்காலியில் உட்கார்ந்து வணக்கம் சொல்லி முடிப்பதற்குள், கீழ்வரிசையில் இரண்டு பல்லுக்கு உறை போட்டே ஆக வேண்டும் என்று தீர்ப்பு வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற மூக்கரின் உதவியாளப் பெண் சிரித்தாள். சிரித்த வாயைப் பார்த்து, "உனக்கு நாலு" என்றார் டாக்டர்.

"நாலுதானா டாக்டர்? மீதியெல்லாம் அடுத்த மாசத்துக்கா?"

டாக்டர் அதைக் கேட்காதவர்போல் இருந்துகொண்டார். கூலிக்கு வேலை பார்ப்பவர்கள் சொல்வது அவர் காதில் விழுவதில்லை.

துப்பறியும் தொழிலில் இருப்பவருக்கு அவருடைய சொந்தப் பெயரை விட்டுவிட்டு ஊரார் வைத்த பெயர் மூக்கர். எங்கே போனாலும் அவருக்கு முன்னால் அவருடைய மூக்கு போய்ச் சேர்ந்துவிடும். உதவியாளருக்கு வாயாடி என்று பெயர். அதற்குக் காரணம் யாரும் கேட்டதில்லை.

டாக்டரின் கட்டடத்தில் கீழ்த்தளம் கிளினிக், மேல்தளம் வீடு. ஊர்க்காரர்கள் கடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி பற்றியெல்லாம் நல்லது கெட்டது எழுதுகிற இணையப் பக்கம் ஒன்றில், சில மாதங்களாகப் பெயரில்லாத யாரோ இந்தக் கிளினிக்கைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆத்திரத்தில் வைத வசவு இல்லை. இன்ன நோயாளிக்கு இன்ன பல்லில் வேர் சிகிச்சை செய்தார், எக்ஸ்ரேயில் அந்தப் பல் சுத்தமாக இருந்தது என்று நிதானமாக, ஒவ்வொரு பல்லாக எழுதியிருந்தார்கள். கூட்டம் குறைந்தது. எக்ஸ்ரே எடுத்தவள் யார்? நர்ஸ். அவளைப் போன மாதமே வெளியே அனுப்பியாகிவிட்டது. அனுப்பிய பிறகும் எழுத்து நிற்கவில்லை.

"ஊசி மருந்து எடுத்துக் கொடுக்கிற ஜென்மத்துக்கு எவ்வளவு திமிரு பாருங்க" என்றார் டாக்டர். பேச்சின் நடுவே கைபேசியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதில் அவருடைய காத்திருப்பு அறையே படமாக ஓடிக்கொண்டிருந்தது. வரவேற்பு மேஜையில் இருந்த பெண் கொட்டாவி விட்டதும், இன்டர்காமில் கூப்பிட்டு அவளைக் கடிந்துகொண்டார். வெளிநாட்டு மாநாட்டில் உட்கார்ந்திருக்கும்போதுகூட இங்கே ஈ பறப்பது தனக்குத் தெரியும் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

ஆதாரம் திரட்டியவர் டாக்டருடைய மனைவியின் தம்பி. கம்ப்யூட்டரில் அவருக்குத் தெரியாதது இல்லை என்று டாக்டர் சொன்னதும், வாயாடி மனதுக்குள் அவருக்கு விஞ்ஞானி என்று பட்டம் கட்டிவிட்டாள். விஞ்ஞானி தொண்டையைச் செருமிக்கொண்டு விளக்கினார். இணையத்தில் நுழைகிற ஒவ்வொரு வீட்டுக்கும் ஐ.பி. முகவரி என்று ஓர் எண் உண்டு. அந்தப் பக்கத்தை நடத்துகிறவருக்கு டாக்டர் இலவசமாகப் பல் சுத்தம் செய்துவிட்டார். பதிலுக்கு எழுதியவரின் எண் கைக்கு வந்தது. முதல் பதிவிலிருந்து கடைசிப் பதிவு வரை ஒரே எண், 147 என்று முடிவது. அதை இணைய வரைபடத்தில் போட்டுப் பார்த்தால், நர்ஸ் குடியிருக்கிற தெருவில் போய்ப் புள்ளி விழுகிறது.

"எல்லாமே ஞாயித்துக்கிழமை மத்தியானம் எழுதினது" என்றார் டாக்டர். "கிளினிக் பூட்டியிருக்கிற நேரமாப் பார்த்து எழுதியிருக்கா. சாயந்திரம் போலீஸ்ல புகார் கொடுக்கப்போறேன். எழுதினவ விலாசம் இதுதான்னு உங்க ரிப்போர்ட்டும் கூட இருந்தா கேஸ் நிக்கும்."

விஞ்ஞானிக்கு அதில் சம்மதம் இல்லை. போலீஸெல்லாம் எதற்கு, சின்னப் பெண், ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிடலாம் என்று தணிந்த குரலில் இரண்டு தடவை சொன்னார். இந்த மனிதருக்குள் இவ்வளவு இரக்கமா என்று மூக்கருக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆச்சரியங்களை அவர் நம்புவதில்லை.

நடுவில் ஓர் அம்மாள் மாடியிலிருந்து தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அது யார் என்று டாக்டர் சொல்லவில்லை. மேஜைக்கும் நாற்காலிக்கும் யாராவது அறிமுகம் செய்து வைப்பார்களா?

வெளியே வந்து ஸ்கூட்டரைக் கிளப்பிய வாயாடி, அந்த அம்மாள் தன்னைத் தாண்டிப் போகும்போது காதோரம் சொன்னதை மூக்கரிடம் சொன்னாள். "உன் பல்லுல ஒரு குறையும் இல்லம்மா, பயப்படாத" என்பதுதான் அது. "ஒரு சிரிப்புல கண்டுபிடிச்சிட்டாங்க சார். அந்த ஆளு அதே சிரிப்புல நாலு பல்லை வித்துட்டாரு."

மூக்கர் பின்சீட்டில் உட்கார்ந்து கீழ்வரிசைப் பல்லை நாக்கால் தடவிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

*

நர்ஸின் வீடு மாடியில் ஒற்றை அறை. ஜன்னலோரம் அம்மா தையல் மெஷினில் பள்ளிச் சீருடைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். நர்ஸ் வந்தவர்களை உட்காரச் சொன்னாள், உபசரிக்கவில்லை. டாக்டர் அனுப்பிய ஆட்களுக்கு அதற்குமேல் மரியாதை வேண்டியதில்லை என்று அவள் முகத்திலேயே எழுதியிருந்தது. ஊரில் இருக்கிற கிளினிக்குகளுக்கெல்லாம் டாக்டர் போன் செய்து, இவளைச் சேர்க்காதீர்கள் என்று சொல்லிவிட்டார். போகிற இடத்திலெல்லாம் இடம் காலியில்லை என்றார்கள். வாசலில் ஆள் தேவை என்று பலகை மாட்டிய இடத்திலும் அதையேதான் சொன்னார்கள்.

விஞ்ஞானி இங்கேயும் வந்து போயிருந்தார். கையெழுத்து மட்டும் போட்டால் வேறு ஊரில் வேலைக்கு ஏற்பாடு செய்வதாகச் சொன்னாராம்.

"போட்டிருந்தா நிம்மதியா இருந்திருக்கலாமே?" என்றார் மூக்கர்.

"செய்யாத தப்புக்குக் கையெழுத்துப் போட்டா, அன்னையிலேருந்து அது செஞ்ச தப்பாயிடும்."

எக்ஸ்ரே பற்றிக் கேட்டார். படம் எடுத்து நோயாளியின் பெயர் எழுதிக் கொடுப்பதோடு தன் வேலை முடிந்தது என்றாள். வேர் நன்றாக இருக்கிறதா, சொத்தை எதுவரை போயிருக்கிறது என்று படத்தைப் பார்த்துச் சொல்ல அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அங்கே அத்தனை காலம் வேலை பார்த்திருக்கமாட்டாளாம்.

மூக்கரின் கண் அறையைச் சுற்றியது. இணைய இணைப்புக்கான ரூட்டர் அலமாரியின் மேல் அணைந்து கிடந்தது. அவர் கேட்குமுன் அம்மாவே சொன்னார்: தேவை முடிந்ததும் சுவிட்சை அணைத்துவிடுவது அவர் வழக்கம். ராத்திரி படுக்கப் போகும்போது அணைப்பார், பகலில் மகள் வெளியே போனாலும் அணைப்பார். "நாமளே தூங்குறோம், அதுக்கு எதுக்கு கரண்ட்டு?"

மூக்கர் முதன்முறையாகச் சிரித்தார். ரூட்டரைப் போடச் சொன்னார். வாயாடி தன் கைபேசியை அதில் இணைத்து, வீட்டின் ஐ.பி. எண்ணைக் காட்டும் பக்கத்தைத் திறந்தாள். ஓர் எண் வந்தது. அணைத்துவிட்டு மறுபடி போடச் சொன்னார். வேறு எண் வந்தது. இன்னொரு தடவையும் அப்படியே ஆனது; மூன்றாவதாக இன்னோர் எண். ஏதோ குற்றம் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று அம்மா தைப்பதை நிறுத்திவிட்டுச் சுவிட்சின் பக்கத்திலேயே நின்றார்.

"அம்மா, உங்க பொண்ணுக்கு நீங்கதான் சாட்சி" என்றார் மூக்கர்.

அம்மாவுக்கு விளங்கவில்லை. நர்ஸுக்கும் விளங்கவில்லை. வாயாடி விளக்கினாள். சாதாரண வீட்டு இணைப்புக்குச் சொந்த எண் கிடையாது. கம்பெனிக்காரன் கையில் ஒரு மூட்டை எண் இருக்கும். ரூட்டர் விழித்துக்கொள்ளும்போது எது கைக்கு வருகிறதோ அதைக் கொடுப்பான், தூங்கினால் வாங்கிக்கொள்வான். இருக்கை எண் போடாத சினிமா டிக்கெட் மாதிரி. ஒவ்வொரு காட்சிக்கும் எங்கே இடமோ அங்கே உட்கார வேண்டியதுதான். இதற்கு டைனமிக் என்று பெயர். ஆனால் எழுதியவருடைய எண் மாதக்கணக்கில் ஒரே எண். மழை பெய்து கரண்ட் போன வாரத்திலும் அதே 147.

"ஒரே நம்பர்தான் பெரிய ஆதாரம்னு சொன்னாரே அந்த விஞ்ஞானி" என்றாள் வாயாடி. "ஆதாரந்தான். யாருக்கு ஆதாரம்னுதான் பார்க்கல."

நர்ஸ் அப்போதுதான் அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

*

புள்ளி விழுந்த இடம் தெருமுனையிலேயே இருந்தது. அது இணைய இணைப்புக் கம்பெனியின் அலுவலகம். உள்ளே இருந்த மேனேஜர் மூக்கர் சொன்ன கதையைக் கேட்டுவிட்டு, வரைபடத்தை நம்பி ஒரு பெண்ணின் வேலையைப் பறித்தார்களா என்று உதட்டைப் பிதுக்கினார். இந்த ஊரில் தங்களிடம் இணைப்பு வாங்கிய எந்த வீட்டின் எண்ணைப் போட்டாலும் புள்ளி இந்த அலுவலகத்தின் மேல்தான் விழும் என்றார்.

"அப்படின்னா தபால்ல மொட்டைக் கடுதாசி வந்தா, தபாலாபீஸ்ல இருக்கிறவரைப் பிடிச்சு உள்ள போடணும்" என்றாள் வாயாடி.

147 யாருடையது என்று சொல்ல மேனேஜர் மறுத்துவிட்டார். போலீஸ் கேட்டால் மட்டுமே சொல்வாராம். அதில் தவறில்லை என்று மூக்கரும் ஒப்புக்கொண்டார். வேறு ஒன்றை மட்டும் கேட்டார்: மாறாத எண்ணை வீட்டுக்கு யார் வாங்குவார்கள்?

"ஸ்டாடிக்கா? ரொம்பப் பேர் கேக்கமாட்டாங்க சார். அதுக்குத் தனியா மாசாமாசம் கட்டணும். கேமரா வெச்சிட்டு வெளியூர்லேருந்து வீட்டை வேவு பார்க்கிறவங்க கேப்பாங்க. எண் மாறிக்கிட்டே இருந்தா வெளியில இருந்து கேமராவைப் பிடிக்கிறது கஷ்டம், இல்லையா?"

வாயாடி வாயைத் திறந்தாள். பிறகு, அபூர்வமாக, எதுவும் சொல்லாமல் மூடிக்கொண்டாள்.

*

கிளினிக்கில் காத்திருப்பு அறை பாதி நிறைந்திருந்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிலரும், பிறத்தியாருடைய வலியைப் பார்த்துப் பயந்துபோய்ச் சிலரும் உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் நோயாளிகளுக்கான வைஃபையின் கடவுச்சொல் ஒட்டியிருந்தது. வாயாடி தன் கைபேசியை அதில் இணைத்து, மூக்கரிடம் நீட்டினாள்.

எண் 147 என்று முடிந்தது.

வரவேற்புப் பெண்ணிடம் மூக்கர் பேச்சுக் கொடுத்தார். கிளினிக்கைப் பூட்டும்போது நோயாளிகளின் வைஃபையை அணைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது டாக்டரின் கண்டிப்பான உத்தரவு. தெருவில் போகிறவன் ஓசியில் பயன்படுத்திவிடுவானாம். ஞாயிற்றுக்கிழமை கீழே யாரும் இருக்கமாட்டார்கள். ஆனால் அதே இணைப்பு மாடிக்கும் போகிறது.

விஞ்ஞானி மாடிப்படிக்குக் கீழே கேமராப் பெட்டியைத் திறந்து வைத்து என்னவோ நோண்டிக்கொண்டிருந்தார். மூக்கர் பக்கத்தில் போய் நின்றார். காலையில் இவரை முட்டாள் என்று கணக்கில் வைத்திருந்தார். முட்டாளை மன்னிக்கலாம். இது வேறு சரக்கு என்று இப்போது தெரிந்தது.

"இந்தக் கேமராவை மாட்டினது நீங்கதானே? ஸ்டாடிக் ஐ.பி.க்கு எழுதிக் கொடுத்ததும் நீங்கதான்."

விஞ்ஞானியின் கை நின்றது.

"அப்போ 147 உங்களுக்கு மனப்பாடம். மாமா அந்த எண்ணைக் கொண்டாந்து காட்டின நிமிஷமே இது எந்த வீடுன்னு தெரிஞ்சிருக்கும். போலீஸ் வேண்டாம்னு ஏன் அவ்வளவு பாடுபட்டீங்கன்னு இப்பதான் புரியுது. அவங்க கம்பெனியைக் கேட்டா, நேரா இந்த வாசலுக்கு வந்து நிப்பாங்க."

விஞ்ஞானி சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு முனகலாக ஒன்றைத்தான் சொன்னார். "கூடப் பொறந்தவளைக் காட்டிக்கொடுக்கச் சொல்றீங்களா சார்?"

"சொல்லல. அதுக்காக இன்னொருத்தி பொண்ணைக் காட்டிக்கொடுத்தீங்களே, அதைத்தான் கேக்கறேன்."

மூக்கர் அவரை அந்தக் கம்பிகளோடு விட்டுவிட்டுப் படியேறினார்.

*

தேநீர் கொண்டுவந்த அம்மாள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பழைய எக்ஸ்ரே படம் ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒளிக்க முயலவில்லை. இவர்கள் எதற்காக வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும், உட்காரச் சொல்லிவிட்டு அவராகவே பேசத் தொடங்கினார்.

அவரும் பல் டாக்டர்தான். இரண்டு பேரும் ஒரே வகுப்பு; தேர்வில் அவர்தான் முன்னால். கல்யாணம் ஆனதும், ஒரு வீட்டுக்கு ஒரு டாக்டர் போதும் என்று கணவர் சொன்னார். சரி என்று இருந்துவிட்டார். ஆனால் கணவர் ராத்திரிச் சாப்பாட்டின்போது, இன்று யாருக்கு எந்த நல்ல பல்லை வேரறுத்தேன் என்று சாமர்த்தியமாகச் சொல்லிச் சிரிப்பார். படங்களை மேஜையில் போட்டுவிட்டுப் போய்விடுவார். பார்க்கத் தெரிந்தவள் ஒருத்தி இந்த வீட்டில் இருக்கிறாள் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

ஞாயிறு மத்தியானம் கணவர் குறட்டை விடும் நேரத்தில் இவர் எழுதினார்.

"எழுதுறவங்க நம்பர் அந்தப் பக்கத்துல பதிவாகும்னு எனக்குத் தெரியும்" என்றார் அந்த அம்மாள். "ஒளிஞ்சு எழுதணும்னு நினைக்கல. பார்த்துட்டு வந்து என்னைக் கேக்கட்டும்னுதான் காத்திருந்தேன். ஊரெல்லாம் சந்தேகப்பட்டாரு. என்னைச் சந்தேகப்படணும்னுகூட அந்த மனுஷனுக்குத் தோணல." அவர் உதட்டில் கோணலாக ஒரு சிரிப்பு வந்தது. இத்தனை வருடத்தின் இளக்காரமும் அந்தச் சிரிப்பில் இருந்தது.

காலையிலிருந்து பார்த்த மனிதர்களில் இவர் ஒருவர்தான் தேவலை என்று மூக்கரின் மனம் ஒரு கணம் சாய்ந்தது. அடுத்த கணம் தையல் மெஷின் ஞாபகம் வந்தது.

"அந்த நர்ஸை வெளிய அனுப்பினாரே, அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்கம்மா?"

அம்மாள் எக்ஸ்ரே படத்தை மேஜையில் வைத்தார்.

"மாடியிலதான் இருந்தேன்."

"அழுதது கேட்டுதா?"

"கேட்டுது."

"அதுக்கப்புறமும் எழுதினீங்க. நீங்க எழுத எழுத அந்தப் பொண்ணு கழுத்துல கயிறு இறுகுச்சு. அவரு மத்தவங்க பல்லைப் பிடுங்குறாரு. நீங்க ஒருத்தியோட பொழப்பைப் பிடுங்கிட்டு, அவரைக் கேலி பண்ணிக்கிட்டு உக்காந்திருக்கீங்க. ரெண்டு பேருக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியலம்மா."

அம்மாளின் முகத்தில் இருந்த அந்தக் கோணல் சிரிப்பு மெல்ல அழிந்தது. கோபப்படுவார் என்று மூக்கர் எதிர்பார்த்தார். அவர் கோபப்படவில்லை. பிறகு எழுந்தார். வீட்டுச் செருப்போடு, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, படியிறங்கினார். கீழே தம்பி கையைப் பிடித்து, "வேணாங்க்கா" என்றார். அந்தக் கையை ஒரு பார்வையில் உதறிவிட்டு, காத்திருந்தவர்களின் நடுவே நடந்து, சிகிச்சை அறையின் கதவை முழுக்கத் திறந்துவிட்டார்.

நாற்காலியில் ஒரு பெரியவர் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தார். டாக்டர் கையில் துளைக்கிற கருவியோடு நிமிர்ந்தார். மனைவியைப் பார்த்து, வேலை நேரத்தில் இங்கே என்ன என்று அதட்டினார்.

"எழுதினது நான்" என்றார் அம்மாள். குரலை உயர்த்தவில்லை, ஆனாலும் வெளியே கடைசி நாற்காலி வரை கேட்டது. "நர்ஸ் இல்ல. நான்."

டாக்டர் முதலில் சிரித்தார். உனக்கு அவ்வளவெல்லாம் தெரியுமா என்பதுபோல ஒரு சிரிப்பு. அம்மாள் விளக்கில் மாட்டியிருந்த எக்ஸ்ரேயைப் பார்த்தார். படுத்திருந்த பெரியவரிடம் குனிந்து, "வாயை மூடிட்டு எந்திரிங்கய்யா. அந்தப் பல்லு நல்லாத்தான் இருக்கு" என்றார்.

பெரியவர் எழுந்துவிட்டார். டாக்டரின் சிரிப்பு பாதியில் நின்று பல்லை மட்டும் காட்டிக்கொண்டிருந்தது.

அவர் மூக்கர் பக்கம் திரும்பி, உம்மைக் கூப்பிட்டது நான் என்று கத்தினார். மூக்கர் நிதானமாகச் சொன்னார்: "ஆமா. எழுதினவங்க விலாசத்தை உறுதி பண்ணச் சொன்னீங்க. நீங்க நிக்கிற இடந்தான். போலீஸுக்குப் போறதா இருந்தா, நானே கூட வர்றேன்."

டாக்டர் மச்சானைத் தேடினார். மச்சான் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். கைபேசியில் அது தெளிவாகத் தெரிந்தது.

வாயாடி நர்ஸுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள். அம்மாள் போனை வாங்கி, தன்னை மன்னிக்கும்படி கேட்டார். மன்னிப்பைப் பற்றிப் பிறகு யோசிக்கிறேன் என்றாள் நர்ஸ். இப்போதைக்கு, எந்தெந்தக் கிளினிக்குக்கெல்லாம் டாக்டர் போன் செய்து தன்னைத் திருடிபோலச் சொன்னாரோ, அந்த வாயாலேயே அத்தனை பேரிடமும் திருத்திச் சொல்ல வேண்டும். அதுவும் உடனே.

வாயாடி வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து முதல் கிளினிக்கின் எண்ணை அழுத்தி, போனை டாக்டரின் காதருகே பிடித்தாள். அவர் மூக்கரைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், அறையிலிருந்த முகங்களைப் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். தவறு என்ற சொல் அவர் வாயிலிருந்து வெளியே வருவதற்குள், பிடுங்க வராத கடைவாய்ப் பல்லைவிட அதிகமாகப் படுத்திவிட்டது.

அவர் இரண்டாவது எண்ணுக்குப் பேசிக்கொண்டிருக்கும்போது காத்திருந்த ஒரு பெண் எழுந்து, தன்னுடைய எக்ஸ்ரேயைக் கொடுக்கும்படி வரவேற்புப் பெண்ணிடம் கேட்டாள். வாங்கிக்கொண்டு அம்மாளிடம் நீட்டினாள். இங்கே வெளிச்சம் போதாது, மாடிக்கு வாங்க என்றார் அம்மாள். அவள் பின்னால் பெரியவர் போனார். அவர் பின்னால் இன்னும் இருவர். டாக்டர் போனில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்க, கன்னத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, தங்கள் பல்லின் படத்தை வாங்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார்கள்.